லிமிற் முடிஞ்சுது

அரியாலைக்கு அப்பால், களப்பு ஓரமாக, சுற்றிவர நீல நிறத் தகரம் அடித்த ஒரு நீர்ப்பூங்கா இருக்கிறது. எங்கே திரும்பினாலும் கடல் கிடக்கிற ஒரு குடாநாட்டில் தடாகம் வெட்டி, மோட்டார் பூட்டி, அதற்குள் அலை எழுப்பி, அந்த அலையில் கால் நனைக்கச் சீட்டும் வாங்க வேண்டும் என்று வைத்த மனுசனின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அவர் பெயர் கனகலிங்கம். கனடாவில் வருடக்கணக்காகப் பனி தள்ளிவிட்டு ஊர் திரும்பியவர். பனியோடு அவ்வளவு காலம் மாரடித்தவருக்குத் தண்ணீரில் ஆசை வந்ததில் பிழை சொல்ல முடியாது.

அந்தத் தடாகக் கரையில் சிவப்பு ரீசேட்டும் கழுத்தில் விசிலுமாக நிற்கிறவள்தான் யசிந்தா. வயது நாற்பத்தைந்து. கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று யாராவது வாய் தவறிக் கேட்டால், "கேட்டு வந்தவங்களைப் பாத்திருந்தால் நீங்களும் கட்டியிருக்க மாட்டியள்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒழுங்கை முனைவரை கேட்கும். குருநகரில் அக்கா யோசப்பின் வீட்டோடு ஒட்டின ஓர் அறை அவளுடையது. சாப்பாடு அக்காவின் அடுப்பில்தான். அக்காவின் புருசன் றஞ்சித் தொழிலுக்குப் போகிறவர். குருநகரில் தொழில் என்றால் அது கடல்தான், விளக்கம் வேண்டியதில்லை. அவர்களுக்குக் கிறிஸ்ரினா என்று ஒரே மகள். அந்தப் பிள்ளையைப் பெற்றது யோசப்பின், வளர்ப்பது யசிந்தா என்று ஒழுங்கையில் பகிடி விடுவார்கள். அது முழுப் பகிடியும் இல்லை.

யசிந்தாவின் தகப்பனுக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் மனுசன் பெட்டையள் இரண்டையும் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு நீந்தப் பழக்கினார். தாய் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டை நீந்தி என்ன கிழிக்கப் போகிறாள் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள். யசிந்தாவுக்கே அது தெரியவில்லை. பள்ளிக்கூடம் முடித்து, இறால் கொம்பனியில் சேர்ந்து, விரல் நுனி வெளிறிப்போகும்வரை ஐஸுக்குள் கையை வைத்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, நீச்சல் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று பூங்காக்காரர் தேடுவதாகக் கதை வந்தது. போனாள். "நீந்துவீங்களோ?" என்று கேட்டார்கள். "நான் விழுந்தால் ஏறுவன். வேறை ஆரும் விழுந்தால் ஏத்துவன்" என்றாள். அடுத்த நாளே சிவப்பு ரீசேட் கிடைத்தது. ஐஸில் இருந்து கையை எடுத்த சந்தோசத்தில் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸுக்குள் தன் விரல்களைத் தானே தடவிக்கொண்டு வந்தாள்.

வேலை அவளுக்கு அச்சாவாகப் பொருந்தியது. சண்டிலிப்பாய், மானிப்பாய்ப் பக்கத்தில் இருந்து தோட்டம், வயல் செய்கிற கமக்காரக் குடும்பங்கள் வரும். தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் துள்ளுவார்கள், தாய்மார் பதறுவார்கள். யசிந்தா அதட்டுவாள், சிரிப்பாள், பயந்த பிள்ளையின் கையைப் பிடித்து இறக்குவாள். "நல்ல மனுசி" என்பார்கள். நல்ல மனுசி என்று கண்டதும், யாழ்ப்பாணத்தில் அடுத்ததாக ஒரு கேள்வி வரும். "பிள்ளை எவடம்?"

இந்த "எவடம்" இடம் விசாரிக்கிற கேள்வி என்று நினைக்கிறவர் எங்கள் ஊருக்குப் புதிது. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், கோயில், தொழில், சாதி என்று மிச்சத்தைக் கேட்டவரே மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொள்வார். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. கதை மட்டும் இரண்டு சொல்லோடு நின்றுவிடும். யசிந்தா இதை முதல் மாதத்திலேயே இரண்டு தரம் அனுபவித்தாள். அதன் பிறகு யார் கேட்டாலும், "ரவுண் பக்கம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். குருநகரும் யாழ்ப்பாண நகரத்துக்குள்தானே இருக்கிறது, பொய்யா சொன்னேன் என்று தனக்குள் நியாயமும் வைத்திருந்தாள். நியாயம் கையில் இருந்தும் ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும் ஏதோ களவு செய்தமாதிரி இருக்கும். பிறகு விசிலை ஊதுவாள், அது மறந்துபோகும்.

பிறகு கொரோனா வந்தது. பூங்காவைப் பூட்டினார்கள். ஊரடங்கு, நிவாரண அரிசி, மாஸ்க் என்று அந்த வருடம் எல்லாருக்கும் போனமாதிரித்தான் அவளுக்கும் போனது. வருடக் கடைசியில் கொழும்பு மீன் சந்தையில் தொற்றுப் பரவியதும் கதை வேறு திசைக்குத் திரும்பியது. மீன் என்றாலே கொரோனா என்று ஆனது. குருநகரில் தெருக்களை அடைத்தார்கள். நேற்றுவரை றஞ்சித்தின் படகு எப்போது கரைக்கு வரும் என்று காத்து நின்று பேரம் பேசிய ஆட்கள், இன்று மீன்பெட்டி கட்டின சைக்கிளைக் கண்டால் மற்றப் பக்கத்துக்கு விலகினார்கள். தெருத் தடையை எடுத்த பிறகும் அந்த விலகல் போகவில்லை. அது தொற்றுப் பயமா, அல்லது முந்தியே இருந்த ஒன்றுக்குத் தொற்று ஒரு நல்ல சாட்டா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? விலகினவர்களுக்கே தெரிந்திராது.

அடுத்த தை மாதம் பூங்காவைத் திறக்க அனுமதி கிடைத்தது. ஆனால் கட்டுப்பாடு. ஒரு நேரத்தில் ஐம்பது பேர்தான். அவர்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான். வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டும், தண்ணீருக்கு வெளியே மாஸ்க் போட வேண்டும். இந்த இரண்டு மணித்தியாலத்துக்கு வேலையாட்கள் வைத்த பெயர் "லிமிற்". நேரம் ஆனதும் யசிந்தா விசில் ஊதி, "லிமிற் முடிஞ்சுது, ஏறுங்கோ" என்று கத்தி எல்லாரையும் கரையேற்ற வேண்டும்.

கத்துவதற்கு ஆட்கள் வந்தால்தானே. திறக்குமுன் கனகலிங்கத்தார் பேஸ்புக்கில் ஒரு கேள்வி போட்டிருந்தார்: பூங்கா கட்டுப்பாட்டோடு திறந்தால் நீங்கள் வருவீர்களா? நூற்றுக்கணக்கில் "கட்டாயம் வருவம்" என்று விழுந்தது. இதயம் போட்டார்கள், கைதட்டினார்கள். மனுசன் பூரித்துப்போனார். பிறகு மனேஜர் பிரவீணன் ஆறுதலாக இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வருவோம் என்றவர்களில் அரைவாசிக்கு மேல் ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச். விமானமே ஓடாத காலத்தில் அவர்கள் மனதால் வந்து தண்ணீரில் குதித்திருந்தார்கள். உள்ளூர்க்காரர் படலை தாண்டவில்லை. முதல் கிழமை தடாகத்தில் காகம்தான் குளித்தது.

கனகலிங்கத்தார் வேலையாட்களைக் கூப்பிட்டு மனம் விட்டுக் கதைத்தார். இந்த மாதமும் இப்படியே போனால் பூட்டுவதைத் தவிர வழியில்லை என்றார். "சனம் சனத்தைப் பாத்துத்தான் வரும். உள்ளை நாலு பேர் நிண்டு சிரிக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேக்க வேணும். நீங்கள் உங்கடை சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சீட்டு வேண்டாம்." யசிந்தாவின் கண்ணுக்குள் இறால் கொம்பனியின் ஐஸ் பெட்டி வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே கிறிஸ்ரினாவின் முகமும் வந்தது.

கிறிஸ்ரினாவுக்கு அந்தக் கொரோனா வருடத்தில்தான் முதல்நன்மை, கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை தைத்து, தலையில் பூமுடி வைத்து, ஒழுங்கைக்கே சாப்பாடு போட்டுக் கொண்டாட வேண்டிய விசயம். கொரோனாச் சட்டத்தால் கோயிலில் பிள்ளைக்குப் பிள்ளை தள்ளி இருத்தி, பூசையை முடித்து, நேரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.  பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வாசல் படியில் நெடுநேரம் இருந்தாள். அவளோடு நன்மை எடுத்த மற்றப் பிள்ளைகளுக்கும் அதே கதைதான்.

"அக்கா, எல்லாப் பிள்ளையளையும் தாய் தேப்பனோடை பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவம். நன்மைக் கொண்டாட்டம் அங்கைதான்" என்றாள் யசிந்தா.

"எங்களை விடுவாங்களே?" என்று யோசப்பின் கேட்டாள்.

"என்ன கதை கதைக்கிறாய்? முதலாளியே கேட்டவர். நான் நிக்கிறனெல்லே."

நான் நிற்கிறேன் என்று அவள் சொன்னது ஒழுங்கை முழுக்கப் பரவியது. ஞாயிறு பூசை முடிந்து முப்பது பேரளவில் ஒரு மினிபஸ்ஸில் ஏறினார்கள். ரொட்டி, பருப்பு, சம்பல், ஒரு வாளி சர்பத். பஸ் வெளிக்கிடும்போது யசிந்தாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே ஆரும் எவடம் என்று கேட்டால் ரவுண் பக்கம் என்று சொல்லுங்கோ. வாய்வரை வந்தது. நன்மை எடுத்த பிள்ளைகளுக்கு அதையா சொல்லிக் கொடுப்பது என்று வெட்கப்பட்டு விழுங்கிவிட்டாள்.

பூங்கா அன்றைக்குத்தான் பூங்காவாக இருந்தது. வாடகை நீச்சலுடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வரக் கூசிய பெண்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதும் கூச்சத்தை மறந்தார்கள். மோட்டார் அலை வந்தபோது றஞ்சித் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்று, "எடியே யசி, உதென்ன அலை? உதுக்கு ஒரு தோணி திரும்பிப் படுக்காது" என்றார். பிள்ளைகள் பெரிய சறுக்குக்கு ஏறும் படியில் வரிசையாக நின்றார்கள். கிறிஸ்ரினா பயத்தில் மூன்று தரம் தன் முறையை மற்றப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தாள். "அடுத்தது கட்டாயம் சித்தி" என்று மேலே இருந்து கத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் தைரியம் சேர்க்கிறதுக்காகக் கீழே இறங்கிக் கரையில் வந்து நின்றாள். கனகலிங்கத்தார் தன் கந்தோர் அறை யன்னலில் நின்று பார்த்துச் சிரித்தார். யசிந்தா தன் வேலையில் அவ்வளவு பெருமைப்பட்ட நாள் வேறு இல்லை.

அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். இரண்டு கார் வந்து நின்றன. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே வந்த முதல் கூட்டம். சண்டிலிப்பாயில் இருந்து வந்த ஒரு குடும்பம், இனசனத்தோடு. அவர்களில் மூத்தவள் போலிருந்த சுபாஜினி என்பவள் தன் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கரையில் நின்றாள். பக்கத்தில் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்ற கிறிஸ்ரினாவைப் பார்த்து அவளுக்கு உண்மையாகவே பிரியம் வந்தது.

"வடிவான பிள்ளை. எவடம் நீங்கள்?"

"குருநகர், அன்ரி. யாகப்பர் கோயிலடி. நாங்கள் எல்லாரும் அங்கைதான்" என்று கிறிஸ்ரினா கையை நீட்டித் தடாகம் முழுவதையும் காட்டினாள். பெரியவர்கள் கேட்டால் விளங்கக்கூடியதாய், முழுதாய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியது யசிந்தாதான்.

சுபாஜினி முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. சிரித்தபடியே, "அப்பிடியே?" என்றாள். பிறகு தன் பிள்ளைகளைப் பார்த்து, "தண்ணி சரியான குளிரடா, கொஞ்சம் ஏறுங்கோ" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் கரைக் கதிரைகளில் உலர்ந்த உடுப்போடு இருந்தார்கள். மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லிய குரலில் கதைத்தார்கள். ஒருவர் எழும்பிக் கந்தோருக்குப் போனார்.

பிரவீணன் வந்தான். கெட்டவன் இல்லை, யசிந்தாக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். இப்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக் கதைத்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அவை போகப்போகினமாம். வெளியிலை இன்னும் ரண்டு வான் வந்து நிக்குது. இவை திரும்பிப் போறதைக் கண்டால் அவையும் போயிடுவினம். முதலாளி என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிறார். உங்கடை ஆக்களை ஒருக்கா ஏத்திவிடுங்கோ. லிமிற் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோவன்."

"கொரோனாவுக்கோ, இல்லை மற்றதுக்கோ?" என்று கேட்டாள் யசிந்தா.

"அது எனக்கும் தெரியாதக்கா" என்றான் பிரவீணன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என்ரை ஆக்கள் ஏற மாட்டினம், ஏற வேண்டியவை வேறை ஆக்கள் என்று கத்தியிருக்கலாம். அவளுக்குத் தொண்டை இல்லாமல் இல்லை. முதலாளியே வந்து சொல்லட்டும் என்றாவது நின்றிருக்கலாம். இதையெல்லாம் பிறகு அவள் ஆயிரம் தரம் யோசித்தாள். அந்த நேரத்தில் அவள் நினைத்தது ஐஸ் பெட்டியை மட்டும்தான். கை தானாக விசிலுக்குப் போனது.

ஊதினாள். "லிமிற் முடிஞ்சுது! எல்லாரும் ஏறுங்கோ!"

முப்பது பேரும் ஏறினார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் ஒருக்கா என்று ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. எல்லாரும் குனிந்த தலையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, அவளைக் கடந்து உடுப்பு மாற்றப் போனார்கள். கிறிஸ்ரினா சறுக்கை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் போனாள்.

ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த யோசப்பினிடம், "கொரோனாச் சட்டமக்கா. இப்ப ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை மணித்தியாலம்தான் எண்டு மாத்திப்போட்டாங்கள். எல்லாருக்கும் உதுதான்" என்றாள் யசிந்தா. பொய் தடங்கல் இல்லாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"சட்டம் எண்டால் சட்டம்தானே. நீ என்ன செய்வாய். ரொட்டியை நாங்கள் பஸ்ஸுக்கை வைச்சுச் சாப்பிடுறம். உனக்கு ரண்டு எடுத்து வைக்கிறன்" என்றாள் யோசப்பின், கூடையைப் பார்த்தபடி.

பஸ் போனது. நம்பிவிட்டார்கள் என்று யசிந்தாவுக்குப் போன மூச்சு வந்தது. அந்த நிம்மதியை நினைத்தாலே பிறகு அவளுக்கு உடம்பு கூசும்.

அதோடு முடியவில்லை. குளோரின் வாளியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான் பிரவீணன். "கொஞ்சம் அவைக்குத் தெரியிறமாதிரிப் போடுங்கோ அக்கா." தன் அக்கா குளித்த தண்ணீருக்குள், தான் தூக்கி வளர்த்த பிள்ளை குளித்த தண்ணீருக்குள், சுற்றிவர நடந்து நடந்து அவள் குளோரின் போட்டாள். மணம் மாஸ்க்கையும் தாண்டி மூக்கில் ஏறியது. கதிரையில் இருந்த சுபாஜினி நன்றியோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். யசிந்தாவும் பதிலுக்குச் சிரித்தாள். மாஸ்க்குக்குள் சிரித்த சிரிப்பு யாருக்குத் தெரியப்போகிறது? அவளுக்குத் தெரியும். விசில் ஊதியதையாவது பயத்தில் ஊதினேன் என்று சொல்லலாம். அந்தச் சிரிப்பைச் சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

சுபாஜினியின் பிள்ளைகள் திரும்பவும் தண்ணீரில் இறங்கினார்கள். வெளியே நின்ற வான்காரரும் உள்ளே வந்தார்கள். பின்னேரத்துக்குள் ஐம்பது பேர் நிறைந்து, வாசலில் ஆட்கள் காத்து நின்றார்கள். சிரிப்புச் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. அடுத்தடுத்த கிழமைகளிலும் ஆட்கள் வந்தார்கள். பூங்கா பிழைத்தது. கனகலிங்கத்தார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீர் அண்டைக்கு நல்லாச் சமாளிச்சனீர்" என்றார். தலை குனிந்தபடி "ஓம் ஐயா" என்றாள். புகழ்ச்சியைக் கேட்டு ஒருத்தி கூனிக் குறுகி நிற்பதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில்தான் பெரிய பாடு. ஒழுங்கையில் அவளைக் கண்டவர்கள் எல்லாரும் நன்றி சொன்னார்கள். பிள்ளைகள் இன்னும் அந்தக் கதைதான் என்றார்கள். அரை மணித்தியாலம் போதாதுதான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரும் கேட்காமலேயே யசிந்தா விளக்கம் கொடுத்தாள். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ வந்து நின்றவர், அதனால்தான் என்று ஒருவரிடம் சொன்னாள். தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது என்று இன்னொருவரிடம். எவரிடம் எதைச் சொன்னோம் என்று குழம்பி, சந்தைக்குப் போகும் வழியை மாற்றினாள். றஞ்சித்தோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது. வேலையால் பிந்தி வருவதாகச் சாட்டுச் சொல்லி, அவர் படுத்த பிறகு வந்தாள். யோசப்பின் சோற்றை மூடி வைத்திருப்பாள். மீனில் நடுத்துண்டு எப்போதும் அவளுக்கு இருக்கும். அந்தத் துண்டை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழும்புவாள்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனாள். கோயில் முற்றத்தில் கதிரையைத் தள்ளிப் போட்டு, மாஸ்க்கோடு கேட்டார் சுவாமி. "பொய் சொன்னனான் சுவாமி." "ஆருக்கு?" "கன ஆக்களுக்கு." விசில் கதையை விட்டுவிட்டாள். அவர் கொடுத்த மூன்று அருள்நிறை மந்திரத்தையும் சொன்னாள். மூன்றும் போதாது என்று அவளுக்கே விளங்கியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் லீவு நாளில், சீட்டு வாங்கி, வாசலால் நேரே கிறிஸ்ரினாவைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சறுக்கில் ஏற்றுவது. எவன் எவடம் என்று கேட்டாலும் குருநகர் என்று தானே முந்திக்கொண்டு சொல்வது. எவளாவது பிள்ளையைத் தண்ணீரை விட்டு ஏறச் சொன்னால் சொல்லட்டும். இந்த முடிவை எடுத்த அன்றுதான் பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய களை வந்தது. நேரத்தோடு வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்ரினா விறாந்தையில் மர வாங்கில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்ரினா, வாற சனிக்கிழமை நீயும் நானும் பூங்காவுக்குப் போறம். முழு இரண்டு மணித்தியாலம். சறுக்கிலை ஏற வேணுமெண்டு ஆசைப்பட்டனியெல்லே?"

பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு யோசித்தாள். "ஆசைதான். ஆனால் வேண்டாம் சித்தி."

"ஏன், பயமோ?"

"பயமில்லை. நான் வந்தால் திரும்பவும் நீங்கள் விசில் அடிக்க வேண்டி வரும்."

யசிந்தா பிள்ளைக்குப் பக்கத்தில் வாங்கில் குந்தினாள். "ஆர் உனக்கு உப்பிடிச் சொன்னது?"

கிறிஸ்ரினா குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா அண்டைக்குத் தண்ணிக்கை நிக்கேக்கையே எங்கள் எல்லாருக்கும் சொன்னவ. அந்த அன்ரியாக்கள் ஏறிக் கதிரையிலை இருந்திட்டினம், நீங்கள் அந்த மாமாவோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இப்ப சித்தி விசில் அடிப்பா, அடிச்ச உடனை ஒரு கதையும் இல்லாமல் ஏறுங்கோ, சித்தியின்ரை வேலை போயிடும் எண்டு. ஏறேக்கை ஒருத்தரும் சித்தியின்ரை முகத்தைப் பாக்கக் கூடாது, பாத்தால் அவ அழுதுபோடுவா எண்டும் சொன்னவ." சொல்லிவிட்டுப் பிள்ளை திரும்பவும் பென்சிலை எடுத்தாள். "நான் பாக்கேல்லை சித்தி. அத்தனை பேரிலை ஒருத்தரும் பாக்கேல்லை."

உள்ளே யோசப்பின் கோப்பையில் சோறு போடும் சத்தம் கேட்டது. "யசி வந்திட்டியே? வா, ஆறமுதல் சாப்பிடு" என்று கூப்பிட்டாள். யசிந்தா வாங்கில் அப்படியே இருந்தாள். அடுப்படிக்கு நாலு எட்டுத்தான். அதுவரை எழும்பிப் போக அவளுக்கு முகம் இருக்கவில்லை.